வீரமரணமா, விபரீத முடிவா: சாவுக்கு நாம் சூட்டும் வினைச்சொற்கள்

சென்னையில் அச்சாகும் நாளிதழ் ஒன்றை ஒரு மாதம் விடாமல் வாசித்தால் மூன்று வகைச் சாவுச் செய்திகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எல்லையில் குண்டடிபட்ட ராணுவ வீரர் 'வீரமரணம் அடைந்தார்'. கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போன இன்னொருவர் 'விஷவாயு தாக்கிப் பலியானார்'. கடன் தொல்லை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர் 'விபரீத முடிவு எடுத்தார்'. கடைசிச் செய்தியை டீக்கடையில் வாசிக்கும் ஒருவர் "கோழை" என்ற ஒற்றைச் சொல்லோடு தாளை மடித்து வைத்துவிடுவார்.

வினைச்சொற்களைக் கவனியுங்கள். முதலாமவர் எதையோ அடைகிறார். இரண்டாமவர் பலியாகிறார், யாருக்குப் பலி என்று செய்தி சொல்வதில்லை. மூன்றாமவர் தானே எடுக்கிறார். அதனால் பொறுப்பும் அவருடையது. துக்கத்தைத் தெரிவிப்பதோடு இந்தச் சொற்கள் நிற்பதில்லை. யாருக்கு இழப்பீடு, யார்மீது விசாரணை, யாருக்கு எதுவுமே இல்லை என்பதையும் அவை சத்தமில்லாமல் முடிவுசெய்கின்றன.

அடிப்படைச் சொற்கள்

குழப்பம் பெரும்பாலும் நான்கு சொற்களை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருகிறது.

1. அச்சம்: ஆபத்தைக் கண்டதும் உடம்பு காட்டும் எதிர்வினை. இதில் புகழ்ச்சிக்கும் இடமில்லை, இகழ்ச்சிக்கும் இடமில்லை.

2. வீரம்: ஆபத்து இருக்கிறது என்று தெரிந்திருந்தும், விலகிப்போக வழி இருந்தும், தன்னைவிடப் பெரிதாக நினைக்கும் ஒன்றுக்காக அதற்குள் போவது. அச்சமே இல்லாதவனுக்கு இந்தச் சொல் பொருந்தாது. அவனுக்கு ஆபத்து தெரியவில்லை, அவ்வளவுதான்.

3. கோழைமை: செய்யவேண்டிய கடமை தனக்கு இருக்கிறது, செய்யவும் முடியும் என்ற நிலையில், தான் தப்பினால் போதும் என்று அதைக் கைவிடுவது.

4. அசட்டுத் துணிச்சல்: பயன் இல்லாத இடத்தில் ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று திருக்குறள் இதைப் பற்றித்தான் பேசுகிறது. அந்தக் குறள் படை பற்றிய அதிகாரத்தில் வரவில்லை, 'அறிவுடைமை' அதிகாரத்தில் வருகிறது.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒரு நிபந்தனை பொதுவாக இருக்கிறது: வேறு வழி இருந்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லாதவரை வீரர் என்பதும் தவறு, கோழை என்பதும் தவறு. நாளிதழின் மூன்று செய்திகளையும் இந்த அளவுகோலால் அளந்தால் வினைச்சொற்கள் இடம் மாறத் தொடங்கும்.

முதுகுப் புண் என்ற சாட்சியம்

சங்க காலத் தமிழர்கள் சாவை அஞ்சாதவர்கள் என்று மேடையில் கேட்டிருக்கிறோம். அதைவிடச் சுவையானது, அவர்கள் வீரத்தை எப்படிச் சோதித்தார்கள் என்பது. மார்பில் பட்ட புண் விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். ஆயிரம் பேர் மோதும் களத்தில் யார் நின்றான், யார் ஓடினான் என்று எவரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போர் முடிந்தபின் உடம்பைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புண் இருந்த இடம்தான் சாட்சி.

அந்தச் சாட்சியம் பொய்த்த கதை ஒன்று உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலன் தரப்பு எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்து முதுகு வழியே வெளியேறியது. அவன் ஓடவில்லை, ஆனாலும் முதுகில் புண் இருக்கிறது. நாணி, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். இதற்கு வடக்கிருத்தல் என்று பெயர். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர் வென்ற கரிகாலனிடமே போய், உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று பாடினார். வென்ற அரசன் முகத்துக்கு நேராக இதைச் சொன்னதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அதற்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை.

கல் என்றதும் நடுகல். தமிழ்நாட்டில் கிடைத்த நடுகற்களில் பெரும்பகுதி மாட்டு மந்தையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ விழுந்தவர்களுடையவை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மிகப் பழைய தமிழ் பிராமி எழுத்துக் கல்லும் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுக்கானதுதான். காரணம் எளிது. 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள். ஊரின் செல்வத்தைக் காத்தவனுக்கு ஊர் கல் நட்டது. கல்லோடு நிற்கவும் இல்லை: விழுந்தவனின் குடும்பத்துக்கு 'உதிரப்பட்டி' என்று நிலம் கொடுத்த வழக்கமும் இருந்தது. உதிரம் சிந்தியதற்கு ஈடான நிலம்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலக் கல்லில் வீரனுக்கு அருகே ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். எசமான் விழுந்தபின் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லெழுத்து சொல்கிறது. அந்தக் காலத்து வரையறையில் நாய்க்கும் இடம் இருந்தது. செய்த காரியம்தான் கணக்கு.

அரசின் அகராதியில் 'தியாகி' இல்லை

எல்லையில் இறந்த வீரரைத் தியாகி என்று நாம் எழுதினாலும், ராணுவத்திலோ காவல் படைகளிலோ அப்படி ஒரு வகைப்பாடு கிடையாது. 2017ஆம் ஆண்டு மத்தியத் தகவல் ஆணையத்தின் முன் அமைச்சகங்களே இதைத் தெரிவித்தன. போர் நடவடிக்கையில் இறந்தவரா, பணிக்காலத்தில் வேறு காரணத்தால் இறந்தவரா என்பதே அவர்கள் பார்க்கும் பிரிவு. குடும்ப ஓய்வூதியம் எந்த வகை, எவ்வளவு என்பதை அந்தப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. உதிரப்பட்டியின் இன்றைய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீரத்துக்குப் பதக்கம் உண்டு. பரம்வீர் சக்கரம் இதுவரை 21 பேருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. அவர்களில் 14 பேருக்கு இறந்தபின். கோழைமைக்குத் தண்டனையும் உண்டு. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, எதிரியின் முன் கோழைமை காட்டும் செயலுக்கு மரண தண்டனை வரை அனுமதிக்கிறது.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு முதல் உலகப்போர் சான்று. ஓடிப்போனார்கள், கோழைமை காட்டினார்கள் என்பன போன்ற குற்றச்சாட்டுகளில் தன் படையினர் 306 பேரைச் சுட்டுக்கொன்ற பிரிட்டன், 2006ஆம் ஆண்டு அவர்கள் அத்தனை பேருக்கும் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் பலர் குண்டு வெடிப்புகளால் மனம் சிதைந்தவர்கள் என்பதை அரசு ஏற்க அத்தனை ஆண்டுகள் ஆகின.

நந்தம்பாக்கத்தில், மவுண்ட் பூந்தமல்லி சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 850க்கும் மேற்பட்ட கற்கள். அதிகாரிக்கு உயரமாக, சிப்பாய்க்குக் குட்டையாக என்ற பேதம் இல்லை. எதிர்த்து நின்று இறந்தவர், காய்ச்சலில் இறந்தவர் என்ற பிரிவும் இல்லை. ஒரே உயரம், ஒரே வரிசை.

அச்சம் உடம்பில் என்ன செய்கிறது

மூளையின் உட்பகுதியில் பாதாம்பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தின் சாயல் தெரிந்தவுடன், நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே, அது உடம்பை உசுப்பிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. பிறகு நடப்பது மூன்றில் ஒன்று: எதிர்ப்பது, ஓடுவது, உறைந்து நிற்பது. மூன்றாவதை நாம் எளிதில் கோழைமை என்று சொல்லிவிடுகிறோம். தாக்கப்பட்ட பெண்ணிடம் "ஏன் கத்தவில்லை?" என்று கேட்பவர்கள் இந்தப் பாடத்தைப் படிக்காதவர்கள். உறைந்து நிற்பது அவள் எடுத்த முடிவல்ல.

தீயணைப்பு வீரர்களுக்கு ஒரே ஒத்திகையை நூறு முறை செய்ய வைப்பதன் காரணமும் இதுதான். பயிற்சி அச்சத்தைப் போக்குவதில்லை. அச்சத்தோடு கைகள் வேலைசெய்யப் பழக்குகிறது.

ஓடிய நகரம்

சென்னை இருமுறை ஓடியிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகத்தின்மீது குண்டு வீசி எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியது. மறுநாள் முதல் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அந்தத் தாக்குதலின் நினைவுப் பலகை இன்றும் இருக்கிறது. 'எம்டன்' என்ற சொல் கெட்டிக்காரன், பொல்லாதவன் என்ற பொருளில் தமிழிலேயே தங்கிவிட்டது. பயமுறுத்தியவனின் பெயரைப் பாராட்டாக மாற்றிக்கொள்வது நம் மொழியின் குறும்பு.

இரண்டாவது முறை 1942 ஏப்ரல். ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும், அவசியப் பணி இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே அறிவித்தது. லட்சக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள், அரசு அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரு சிறு குண்டுவீச்சோடு சரி. பின்னாளில் இதைக் கேலியாகச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் மேலே சொன்ன வரையறையைப் போட்டுப் பாருங்கள்: பிள்ளைகளோடு தஞ்சாவூருக்கு ரயில் ஏறிய குடும்பம் எந்தக் கடமையைக் கைவிட்டது? குண்டு விழும் என்று அரசு சொன்ன ஊரில் வெறுமனே உட்கார்ந்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? புயல் எச்சரிக்கை வந்தபின் வீட்டைவிட்டு வர மறுப்பவரை இன்று யாரும் வீரர் என்பதில்லை.

இரண்டாவதாக இறங்கியவர்

இந்தக் கட்டுரை எழுதப்படக் காரணமே இந்தப் பகுதிதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்புறம். கடப்பாரையால் நெம்பிச் சிமென்ட் மூடியை நகர்த்துகிறார்கள். அழுகிய முட்டை நாற்றம். ஒருவர் இடுப்பில் கயிறுகூட இல்லாமல், வாளியோடு உள்ளே இறங்குகிறார். மேலே நிற்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்; பதில் இல்லை. எட்டிப் பார்க்கிறார்: உள்ளே போனவர் குப்புற விழுந்து கிடக்கிறார். விழுந்தவர் பெரும்பாலும் அவருடைய தம்பியாக, மச்சானாக, ஒரே தெருக்காரராக இருப்பார். மேலே நிற்பவர் இறங்குகிறார். மறுநாள் செய்தி: 'காப்பாற்றச் சென்றவரும் பலி'.

உள்ளே நடந்தது என்ன?

1. காற்றுப் புகாத தொட்டியில் கழிவு அழுகும்போது நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். மூடியைத் திறந்து வைத்ததால் மட்டும் போய்விடாது. கழிவைக் கலக்கினால் இன்னும் கிளம்பும்.

2. மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை வாடை வரும். ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 100 பங்கைத் தொட்டதும் மூக்கின் உணர்வு மரத்துப்போகிறது. வாடை போய்விட்டதே என்று இறங்குபவர், உண்மையில் ஆபத்து பெருகியதைத்தான் கண்டார்.

3. 700, 1000 பங்கு என்று உயர்ந்தால் சில மூச்சுகள் போதும். நினைவு தப்பி விழுவார். கத்தக்கூட நேரமிருக்காது.

4. மேலே நிற்பவருக்கு ஏதோ ஆபத்து என்று தெரியும், அது எவ்வளவு வேகமானது என்று தெரியாது. அவருக்கும் அதே சில மூச்சுகள்தான்.

அடைபட்ட இடங்களில் நேரும் சாவுகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986ஆம் ஆண்டு எச்சரித்தது. மெரினாவில் அலை இழுத்த நண்பனைப் பிடிக்கக் குதித்து, நீச்சல் தெரிந்தும் கரை சேராதவர்களின் கதையும் இதே இனம். கயிறோ, காலி பிளாஸ்டிக் கேனோ எறிந்திருந்தால் இருவரும் பிழைத்திருக்கலாம்.

ஆகவே குழியருகே நிற்பவருக்கு ஒரே விதி: இறங்கக் கூடாது. மூச்சுக் கருவியும், இடுப்பு வாரும், மேலே இழுக்கும் முக்காலியும் உள்ள தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். அவர்கள் வரும்வரை தம்பி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு மேலே நிற்பது எவ்வளவு கொடுமை என்பது தெரிகிறது. ஊர் அவரைக் கோழை என்று சொல்லவும் கூடும். ஆனால் அந்த இடத்தில் அறிவு கேட்பது அதைத்தான்.

இறங்கியவர் வீரரா? ஐயமில்லாமல் வீரர். ஆபத்து இருக்கிறது என்று கண்ணால் கண்டபின் இறங்கினார். கேட்கவேண்டிய கேள்வி அவரைப் பற்றியதல்ல. அவருக்கு அந்த வீரம் தேவைப்படும்படி ஏற்பாடு செய்தவர் யார்?

இதற்குச் சட்டம் தெளிவாகப் பதில் சொல்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ யாரையும் இறக்கக் கூடாது. உள்ளாட்சிக்கு மட்டுமல்ல, ஒப்பந்ததாரருக்கும் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் இது பொருந்தும். முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விதித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

'அவரே சம்மதித்துத்தான் இறங்கினார்' என்ற வாதம் இங்கே எடுபடாது. அன்றாடக் கூலிக்கு அந்த வேலையை மறுக்கும் வழி எவ்வளவு இருந்தது என்பதும், இந்த வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டது என்பதும் ஊரறிந்தவை. துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளர் ஆனார். கொரோனா காலத்தில் முன்களப் பணியாளரும் ஆனார். சால்வை போர்த்திப் படமும் எடுத்தோம். சால்வை மலிவு. மூச்சுக் கருவிதான் விலை அதிகம்.

வேடிக்கை பார்க்கும் கூட்டம்

ஜி.எஸ்.டி. சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். இருபது பேர் சூழ்ந்து நிற்கிறார்கள், ஒருவரும் தொடவில்லை. இருபதும் கோழைகளா? உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், ஒருவருக்கு வலிப்பு வந்ததைக் கேட்டவர் தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தபோது 85 விழுக்காட்டினர் உதவிக்கு எழுந்தார்கள். மேலும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியபோது 31 விழுக்காட்டினர்தான். கூட்டத்தில் பொறுப்பு பங்குபோட்டுக் கரைந்துவிடுகிறது.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: 'போலீஸ், கோர்ட் என்று யார் அலைவது?' 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இதற்காகவே 134ஏ பிரிவைச் சேர்த்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லும்படி வற்புறுத்த முடியாது. அரசின் தமிழ் அறிவிப்புகளில் இவருக்கு 'நற்கருணை வீரன்' என்ற பெயர் புழங்குகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருப்பதால், 'பணம் யார் கட்டுவது?' என்ற தயக்கமும் குறைய வேண்டும். கூட்டத்தில் யாராவது ஒருவரைச் சுட்டி, "நீல சட்டை, அண்ணே, நீங்கள் 108க்குப் போன் செய்யுங்கள்" என்று சொல்வது பொதுவாகக் கத்துவதைவிடப் பலன் தரும்.

'கோழைத்தனமான முடிவு'

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். இத்தனை பேரையும் 'கோழை' என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது.

கோழைமைக்குத் தேவை, வேறு வழி தெரிந்திருந்தும் கடமையைக் கைவிடுவது. கடும் மனச்சோர்வின் இயல்பே வேறு வழி இருப்பதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுவதுதான். அந்த நெருக்கடி பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடக்கூடியது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்தாரா என்பதில்தான் வாழ்வும் சாவும். 'கோழை' என்ற சொல்லுக்கு அஞ்சியே பலர் வாய்திறந்து சொல்வதில்லை.

சட்டம் மெதுவாகத்தான் இந்த இடத்துக்கு வந்தது.

1. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, பிழைத்துக்கொண்டவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1996ஆம் ஆண்டு மீண்டும் செல்லும் என்றது.

2. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, பராமரிப்பது அரசின் கடமை என்றது.

3. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309க்கு இணையான பிரிவே இல்லை. ஆனால் 226ஆம் பிரிவு, அரசு ஊழியரைப் பணிய வைக்கும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருக்கிறது. திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் போலீஸார் மனுதாரர்களின் பைகளைத் துழாவுவதைப் பார்த்தவர்களுக்கு இது யாரைக் குறிக்கிறது என்று புரியும். பைக்குள் இருக்கும் மனு எத்தனையாவது மனு என்பதையும் யாராவது பார்த்தால் நல்லது.

4. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் ஒரு படி மேலே போனது. கடன்பட்டவரோ அவர் குடும்பத்தில் ஒருவரோ தற்கொலை செய்துகொண்டு, அதற்குச் சற்றுமுன் கடன் கொடுத்தவர் தொல்லை கொடுத்தது தெரியவந்தால், அவர்தான் தூண்டினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நான்காவதை மறுபடி வாசியுங்கள். டீக்கடையில் கோழை என்று முடிக்கப்பட்ட அதே சாவில், சட்டம் வட்டிக்காரனைத் தேடுகிறது. பிளஸ் டூவில் தோற்றவர் ஓராண்டு காத்திருக்காமல் அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடும் இந்த வகைதான். பிள்ளைகளிடம் 'தைரியமாக இரு' என்று சொல்வதைவிட, தோல்வியின் விலையைக் குறைப்பது உயிர்களைக் காக்கிறது.

எதிர்ப்புறப் பிழையும் நம்மிடம் உண்டு. தலைவர் மறைந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டவர் 'உயிர்நீத்தார்' ஆகிவிடுகிறார். சுவரொட்டியும் நிதியும் வருகின்றன. தற்கொலையைப் புகழ்ந்து எழுதினால் அது தொற்றும் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் செய்தியாளர்களுக்கு நெறிமுறை வகுத்திருக்கிறது: புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம், முறையை விவரிக்கவும் வேண்டாம், உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்லுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416. டெலி மானஸில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கட்டிலில் முடியும் போர்

பெரும்பாலோருக்குக் களமும் இல்லை, குழியும் இல்லை. நாளிதழின் உள்பக்கச் சிறு விளம்பரத்தில் 'காலமானார்' என்று முடியும் சாவுதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு வந்தபின் அதற்குள்ளும் போர்மொழி புகுந்துவிட்டது: 'கடைசி மூச்சுவரை போராடினார்'. வென்டிலேட்டரில் பத்து நாள் கிடந்தவர் போராடினாரா, போராட வைக்கப்பட்டாரா?

வெளியே தாழ்வாரத்தில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா மருத்துவமனையிலும் ஒன்றுதான். இனி பலனில்லை என்று மருத்துவர் சாடையாகச் சொல்லியிருப்பார். ஊரிலிருந்து வந்த தாய்மாமன், நோயாளியின் மகனைத் தனியே அழைப்பார். "மாப்பிள்ளை, பாதியில் விட்டுவிட்டோம் என்று நாளைக்கு நாலு பேர் சொல்லிவிடக் கூடாது." "இல்லை மாமா, பார்க்கலாம்." இன்னும் ஒரு வாரம் ஓடும். நோயாளிக்காக இல்லை, நாலு பேருக்காக.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், மீள முடியாத நிலையில் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே 'முன்விருப்ப ஆவணம்' எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. உயிரை எடுக்க ஊசி போடுவது வேறு. அது இன்றும் குற்றம். சாவைத் தள்ளிப்போட மட்டுமே உதவும் கருவியை விலக்குவது இது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் தளர்த்தினார்கள்: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நேரம் வரும்போது மூன்று மருத்துவர் கொண்ட குழு ஒன்றும், பிறகு இன்னொரு குழுவும் ஒப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 48 மணி நேரம்.

1996இல் வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது என்ற அதே நீதிமன்றம்தான் இதையும் சொன்னது. 2015இல் சமணர்கள் உண்ணா நோன்பிருந்து உயிர்விடும் சல்லேகனையைத் தற்கொலை என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தடுத்தபோது, அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் உச்ச நீதிமன்றமே. வடக்கிருந்த சேரமான் இன்று வந்தால் எந்தப் பிரிவில் வருவான் என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம்.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதிக்கும் குடும்பங்களுக்கு 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது: கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும். அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து மலர்வளையம் வைக்கிறார். பைக் விபத்தில் இறந்த கூலித் தொழிலாளியும் இதில் அடக்கம். ஊரின் செல்வத்தைக் காத்தவனுக்குக் கல் நட்ட வழக்கத்துக்கு இது தூரத்து உறவு.

முன்விருப்ப ஆவணம் எழுதுபவர்கள் தவறவிடும் ஒன்று: அதன் படியை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரியிடமும் குடும்ப மருத்துவரிடமும் கொடுப்பதோடு, தாழ்வாரத்தில் பேசப்போகும் அந்த மாமாவையும் முன்பே உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டு சாட்சிகளில் ஒருவராக அவரையே கையெழுத்துப் போடச் சொல்லலாம்.